இறங்காத கண்ணாடி

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற என் பட்டறையில் ஒரு வான் வண்டியின் முன்விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பண்டாரவளை பஸ் கொண்டக்டர் செல்வம் வந்து நின்றான். "அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம வயர் மாஸ்டர் போயிட்டாருண்ணே. காலையில நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்." சிவபாதம் மாஸ்டர் என்று அவன் சொல்லவில்லை. முப்பது வருஷம் பௌதிகம் படிப்பித்த மனிதர் இறந்த செய்தியும் அந்தப் பட்டப்பெயரோடுதான் வந்தது. கழற்றிய விளக்கை அப்படியே கீழே வைத்தேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியும் என்று நினைக்கிறீர்கள். தன் காரில் தானே வயர் இழுத்துத் தானே மாட்டிக்கொண்ட பௌதிக வாத்தியார், அதுதானே கதை? முழுப் பொய்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது, யுத்தம் நடந்த காலம். மாஸ்டரிடம் ஒரு பழைய ஒஸ்டின் கார் இருந்தது. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு சோதனைச் சாவடிகளைத் தாண்டுகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? "எல்லாக் கண்ணாடியையும் இறக்கு" என்பார்கள் சிப்பாய்கள். ஒருமுறை விழுந்து அடிபட்டதிலிருந்து அவருக்கு இடது தோள் சரியில்லை, கை எட்டாது. இறங்கி, மழையில் காரைச் சுற்றிப்போய், ஒவ்வொரு கதவாகக் கைப்பிடியைச் சுற்றுவார். ஒரு நாள் பின்சீற்றுக்குள் குனிந்தபோது முதுகில் துப்பாக்கியை வைத்துவிட்டார்களாம். அடுத்த நாளே என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரு பொத்தானை அமத்தினா நாலு கண்ணாடியும் இறங்கவேணும். செய்வீரோ?"

"மோட்டார் நாலு கெடைச்சா போதும் சேர், ஜம்முன்னு செஞ்சிரலாம்" என்றேன். எனக்கு அப்போது வாய் நீளம். உடைக்கப் போட்ட ஜப்பான் கார்களிலிருந்து மோட்டார்களை எடுத்து, கைப்பிடி சுழற்றும் தண்டிலேயே பொருத்தி, கதவுகளுக்குள் வயர் இழுத்து, ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். நான்கு கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின. மாஸ்டர் சின்னப்பிள்ளை மாதிரி ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

மறுநாள் பண்டாரவளைக்கு வெள்ளோட்டம். நானும் ஏறிக்கொண்டேன். தெமோதரை தாண்டியதும் மழை பிடித்தது, கண்ணாடிகளை ஏற்றினோம். வளைவில் சாவடி. மாஸ்டர் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும்படி முன்பலகையில் வைத்தார். எந்தச் சாவடியிலும் அவர் செய்வது அதுதான். பிறகு பொத்தானை அழுத்தினார். கண்ணாடி இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? பற்றரி வீணாகக் கூடாதென்று, சாவி போட்டால் மட்டும் மோட்டாருக்குக் கரண்ட் போகும்படி செய்திருந்தேன். தொழிலில் அதுதான் முறை. ஆனால் அவரோடு எத்தனை சாவடி தாண்டியிருக்கிறேன்! அவர் சாவியைக் கழற்றி வைப்பதை இந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே! என் மரமண்டையில் அது ஏறவில்லை. கைப்பிடிகளும் இல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தேன். சிப்பாய் கண்ணாடியைத் தட்டினான். சாவியை எடுக்க மாஸ்டர் கையை நீட்டினார், துப்பாக்கி நிமிர்ந்தது. கதவைத் திறக்கவும் பயம். எங்கள் மூச்சு கண்ணாடியில் படிந்து, வெளியே நின்றவர்களின் முகம்கூடத் தெரியாமல் போயிற்று. பெட்டிக்குள் போட்டு மூடியது போல இருந்தோம். "அசையாதையும் தம்பி" என்றார் மாஸ்டர்.

அவர்களே கதவைத் திறந்து எங்களை வெளியே இழுத்தார்கள். தமிழன் கார், கதவைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே புத்தம்புது வயர், வெடிகுண்டு என்றே முடிவுகட்டினார்கள்! யார் இழுத்தது என்று அதிகாரி சிங்களத்தில் அதட்டினார். என் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டேன். மாஸ்டர் சிங்களத்திலேயே நிதானமாகச் சொன்னார்: "நான்தான். பௌதிகம் படிப்பிக்கிறவன். இவர் மழைக்கு வழியில் ஏறியவர், பெயர்கூடத் தெரியாது." சாயங்காலம் என்னை விட்டுவிட்டார்கள். வாயே திறக்காமல் தெமோதரை ஸ்டேஷன் வரை நடந்துபோய் ரயிலேறினேன். அவரைப் பதினொரு நாள் ஜன்னலில்லாத ஓர் அறையில் வைத்திருந்தார்கள். பள்ளி அதிபரும் சிங்களப் பெற்றோர் சிலரும் போய் நின்று மீட்டுவந்தார்கள்.

அவர் வந்ததும் ஓடிப்போய் அழுதேன். "ஏன் சேர் அப்பிடிச் சொன்னீங்க?"

"எனக்காக வந்து கதைக்கப் பள்ளிக்கூடம் இருக்கு. உமக்கு ஆர் வருவினம்? கைக்குழந்தையும் இருக்கு. ஒருத்தரிட்டையும் வாய் திறவாதையும்." அதோடு, சாவி இல்லாமலும் கண்ணாடி இறங்கும்படி மாற்றித் தரச் சொன்னார். என்னிடமேதான் சொன்னார்.

ஊர் சிரித்தது. "பௌதிகம் படிச்சும் வயர் இழுக்கத் தெரியலையே மாஸ்டர்" என்று தேநீர்க்கடையில் ஒருவர் கிண்டலடித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "ஓம், படிப்பிக்கிறது வேற, செய்யிறது வேற" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். நான் வடையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாவடிகளை எடுத்தார்கள். ஆபத்து போய்விட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பட்டறைக்கு நாலு பேர் வரத் தொடங்கியிருந்தார்கள். பிழையாக வயர் இழுத்தவன் என்ற பேச்சு வந்துவிடுமே என்று பயந்தேன். சீ, அவ்வளவுதான் நான். அவர் பதினொரு நாளில் வெளியே வந்துவிட்டார். எனக்கு இத்தனை வருஷமாக மூச்சு முட்டுகிறது.

செத்தவீட்டிலும் அதே கதையைச் சொல்லிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவருடைய மகள் கேட்டார். அட்டையில் அன்பாக 'வயர் மாஸ்டர்' என்று போடப்போகிறார்களாம்.

போடாதீர்கள் அம்மா. உங்கள் அப்பா அந்தக் காரில் ஒரு வயரையும் தொடவில்லை. இழுத்தவன் நான். அட்டையில் சிவபாதம் என்று மட்டும் இருக்கட்டும். மற்றப் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். பட்டறைப் பக்கம் வருகிறவர்கள் இனி என்னை அப்படிக் கூப்பிடலாம், திரும்பிப் பார்ப்பேன்.