டின்னில் குறைந்த எண்ணெய்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இன்னொரு அம்மா கிடைத்துவிட்டாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வருஷம் ஒன்று உண்டு. அந்த வருஷம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. நினைத்தால் இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தது எரிந்ததுதான்.

அப்போது ஷார்ஜாவில் ரோலா பக்கம் இருந்தோம். நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். வீட்டுக்காரருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை; வருஷத்துக்கு ஒருமுறை லீவில் நாகர்கோவிலில் பார்த்துக்கொள்வோம். இரண்டு ரூம் ஃபிளாட்டில் ஒரு ரூம் எனக்கும் மகளுக்கும். மற்றது என்னோடு வேலை பார்த்த கோட்டயத்துக்காரிக்கு. கிச்சன் பொது.

தன்னோடு படித்த ஒரு பெண்ணோடு போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மகள் ஒரு டான்ஸ் ஸ்கூலில் சேர்வேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பசிபிக் கடலில் இருக்கிற தாஹிதித் தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பழைய வில்லா ஒன்றில் அதை நடத்தியது. குடைந்த மரக்கட்டையைப் புருஷன் கொட்டுவான். பெண்டாட்டி சொல்லிக்கொடுப்பாள். அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் ஆடுவார்கள். துபாய் ஹோட்டல்களில் நார்ப்பாவாடையும் சிப்பி மாலையுமாக நிகழ்ச்சி நடத்துவார்கள். தோள் ஒரு இம்மி அசையாமல் இடுப்பு மட்டும் படபடவென்று ஆட வேண்டும். பிள்ளைகளுக்கு மேல்சட்டை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே முதல் நாள் நானும் கூடப் போனேன். இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"இங்கே ஃபீஸ் கொடுத்தால் மட்டும் போதாது," என்றாள் டீச்சர் இங்கிலீஷில். "ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவும் எங்களுக்கு ஒரு வேலை செய்து தர வேண்டும். இது குடும்பம். உங்களால் என்ன முடியும்?"

சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. ஒரு அம்மா பாவாடை தைக்கிறாள், ஒருத்தி சிப்பி கோக்கிறாள், ஒருத்தி சாப்பாடு கொண்டுவருகிறாள்.

"எனக்கு டியூட்டி இருக்கிறது. என்னால் ஒன்றும் முடியாது," என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் பரவாயில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போகாத பெண்கள் சிப்பி கோக்கட்டும், எனக்கென்ன வந்தது என்று வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவேயில்லை. அவர்கள் வேனே வந்து மகளை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்டது.

கொண்டுவந்து விட்டது என்றா சொன்னேன்? பாதி மகளைத்தான் கொண்டுவந்து விட்டது. மீதி அங்கேயே இருந்தது. டீச்சர் அப்படிச் சொன்னாங்க, டீச்சர் வீட்டுல இப்படிச் சாப்பிடுவாங்க, டீச்சரும் அங்கிளும் சண்டையே போட மாட்டாங்க. அங்கே பிள்ளைகள் எல்லோரும் அவளை அவர்கள் பாஷையில் அம்மா என்றுதான் கூப்பிடுவார்களாம். "நீயுமா?" என்று கேட்டேன். "எல்லாரும்தான் மம்மி," என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆனாலும் என்னைச் சுட்டது அதுவல்ல. எண்ணெய்தான்.

ஒவ்வொரு லீவிலும் ஊர்ச் செக்கிலிருந்து பெரிய டின்னில் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவேன். மகள் தலையில் ஒரு சொட்டு வைக்க விடமாட்டாள். "ஸ்கூல்ல ஸ்மெல் அடிக்குதுன்னு சிரிக்காங்க மம்மி, ப்ளீஸ்." சரி, காலம் அப்படி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் டான்ஸ் கிளாஸ் முடிந்து வருகிறாள், தலை மினுமினுவென்று இருக்கிறது. பூ வாசனை. என்ன இது என்றால், பூ ஊறவைத்த தேங்காய் எண்ணெயாம். ஆடுவதற்கு முன்னால் டீச்சர் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, தன் கையாலேயே தேய்த்துவிடுவாளாம். அது அவர்கள் வழக்கமாம்.

தேங்காய் எண்ணெய்! நாகர்கோவில்காரிக்கு தாஹிதிக்காரி தேங்காய் எண்ணெய் காட்டுகிறாள். அம்மா தேய்த்தால் நாற்றம், அவள் தேய்த்தால் மணம். மகள் தூங்கின பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் அதனால்தான் இன்னும் கூடியது.

விடுவேனா? ரோலாவில் மல்லிகைச் சரம் வாங்கி, ஒரு பாட்டில் எண்ணெயில் அப்படியே போட்டு, பால்கனி வெயிலில் வைத்தேன். விமானத்தில் ஈரத்தோடு வந்த பூ. அந்த ஈரம் உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பூவைக் காய வச்சுத்தான் போடணும் மம்மி, டீச்சர் அப்படித்தான் செய்வாங்க," என்றாள். பாட்டிலோடு குப்பையில் போட்டேன்.

அந்த வாரம்தான் டின் வேகமாகக் குறைவதைக் கவனித்தேன். நான் எடுப்பது கொஞ்சம், காலியாவது நிறைய. கிச்சனுக்கு வருவது மூன்று பேர். மகள் எண்ணெயைக் கண்டாலே ஓடுகிறவள். பிறகு யார்? கோட்டயத்துக்காரியிடம் நேராகவே கேட்டேன். "எண்ணெய் வேணும்னா கேட்டு எடுக்கலாமே?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறந்தாள், மூடினாள். "நான் எடுத்திட்டில்ல சேச்சி," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

இந்த நிலைமையில் மகள் ஒரு தாளை நீட்டினாள். ராஸ் அல் கைமாவில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் நிகழ்ச்சி. டீச்சர் குடும்பத்தோடு தங்க வேண்டும். அம்மா கையெழுத்து வேண்டும்.

மூன்று நாள். அந்த அம்மாவோடு. நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மோடு டாக்ஸி பிடித்து வில்லாவுக்குப் போனேன். மகளை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கையோடு அழைத்துவருவதாகத் திட்டம். பேச வேண்டியதை வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஹாலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கையெல்லாம் எண்ணெய். என் மகள் என்னைக் கண்டதும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். டீச்சர் எழுந்து ஓடிவந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கையால் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு வருஷமாக உங்களுக்கு நன்றி சொல்லக் காத்திருக்கிறேன்," என்றாள். "கடையில் வாங்கும் எண்ணெயில் பூ மணம் ஏறாது. உங்கள் எண்ணெய் எங்கள் ஊர் எண்ணெய் போலவே இருக்கிறது. அம்மாவுக்கு வர நேரமில்லை, அதனால் மாதாமாதம் கொடுத்தனுப்புகிறார்கள் என்று உங்கள் மகள் சொன்னாள்."

சுவரைப் பார்த்தேன். அதே பட்டியல். மகள் பெயருக்கு நேரே "அம்மா: எண்ணெய்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மகளின் கையெழுத்து.

வரிசையில் அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் முன்னால் அவள் திருடி ஆகிவிடுவாள்.

"ஆமாம்," என்றேன். "நான்தான் கொடுத்தனுப்பினேன்."

தாளை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

அன்று வேனில் ஏறாமல் டாக்ஸியில் சேர்ந்து திரும்பினோம். பாதி வழியில் கேட்டேன்.

"ஏன் மக்ளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க மம்மி. டீச்சர்னாலே ஒங்களுக்குக் கோவம்." கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "லிஸ்ட்ல எல்லா அம்மாவும் இருந்தாங்க. நீங்க மட்டும் இல்ல."

 டாக்ஸிக்காரர் ஏசியைக் கூட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோட்டயத்துக்காரியின் கதவைத் தட்டினேன். எண்ணெய் போன வழி தெரிந்தது, மன்னித்துக்கொள் என்றேன். அவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும் சேச்சி. மோள் பாட்டில்ல ஊத்துறத நான் பார்த்தேன். மம்மிட்ட சொல்லக் கூடாதுன்னு அழுதா. அதான் சொல்லல்ல."

இவளிடம் அழுதிருக்கிறாள். என்னைத் தவிர எல்லோரிடமும் ஏதாவது சொல்லியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போன வாய், அந்த நேரத்திலும், "அவ ஒங்கிட்ட வேற என்னல்லாம் சொன்னா?" என்றுதான் கேட்டது.