பூக்காரம்மா மீது எழுதிய மனு

அருப்புக்கோட்டை பஜாரில் என் கடை வாசலில் பூ விற்ற பெண்ணை, நகராட்சிக்கு மொட்டை மனு எழுதி எழுப்பிவிட்டவன் நான்தான். அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முதுகலைப் பட்டங்கள். பிள்ளைகளுக்கு நேர்மையைப் போதித்தே தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற அனுபவம். ஒரு கூடைப் பூவை எதிர்கொள்ள இவ்வளவு தகுதியும் தேவைப்பட்டது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஜெராக்ஸ் மிஷின் வாங்கி, பேனா, நோட்டு, விண்ணப்பப் படிவம் என்று கடை போட்டிருந்தேன். ஒரு பக்கம் டீக்கடை, மறுபக்கம் பாயின் ஜவுளிக்கடை. இரண்டு வருடத்தில் அவர்களைப் பற்றி நான் அறிந்துகொண்டது, யாருடைய பெயர்ப்பலகையில் எத்தனை எழுத்துப்பிழை என்பதை மட்டும்தான்.

பூக்காரம்மா பந்தல்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். என் கடைப் படியை ஒட்டிக் கூடையை இறக்குவார். பூ வாங்கச் சுற்றி நிற்பவர்களை விலக்கிக்கொண்டுதான் என் கடைக்கு வர வேண்டும். அப்படி வருகிறவர்கள் நாளைக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றேன் ஒருநாள்.

“தள்ளித்தான சார் உக்காந்திருக்கேன். இன்னும் தள்ளுனா பஸ்ஸு ஏறிரும்.”

பூ வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் வகுப்பில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. அன்று சாயங்காலமே மனு தயாராகிவிட்டது. ‘பொதுமக்களின் தங்குதடையற்ற நடமாட்டத்திற்குப் பேரிடையூறாக விளங்குவதால்’ என்று தொடங்கினேன். மூன்று முறை திருத்தினேன். கையெழுத்துப் போடுவதை மட்டும் மறக்காமல் விட்டுவிட்டேன்.

பத்து நாளில் நகராட்சி ஆட்கள் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா சத்தம் போடவில்லை. கூடையைத் தூக்கினார். “வாரேன் சார்” என்று என்னிடமும் சொல்லிக்கொண்டார். நான் மிஷினில் தாள் மாற்றுவதில் மும்முரமாக இருந்தேன். “பாத்துப் போம்மா” என்றேன். அக்கறைக்கு என்னிடம் குறைவே இல்லை.

மறுநாள் காலையில் தெருவே விநோதமாக இருந்தது. கடைகள் திறந்திருந்தன, யாரும் வியாபாரத்தைத் தொடங்கவில்லை. டீக்கடைக்காரர் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தெருவில் முதல் போணி பூக்காரம்மாவுடையது. சாமி படத்துக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கடையிலும் ஏதாவது சின்னதாக வாங்குவார். அவர் கைராசியில்தான் அன்றைய கல்லா திறக்கும். படம் மாட்டாத பாய் கூட, வீட்டுக்கென்று அவரிடம் இரண்டு முழம் வாங்கிய பிறகுதான் துணியைக் கிழிப்பார்.

எனக்கு மட்டும் இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கடை திறந்த முதல் நாளே அவர் நீட்டிய பூவை, ‘எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை’ என்று திருப்பிக் கொடுத்திருந்தேன். அறிவுள்ளவன் என்று தெருவுக்குத் தெரியப்படுத்த வேண்டாமா?

“அவுக கை படாம எங்களுக்கு எங்கிட்டு சார் ஓடும்?” என்றார் டீக்கடைக்காரர். “எவனோ படிச்ச நாயி பெட்டிசன் போட்டிருக்கான்.”

சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். ‘படிச்ச’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. குடித்து முடித்தேன்.

ஒரு மாதம் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்துவார்கள், திரும்பினால் தொடர்வார்கள். அந்த அம்மா பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பதாகவும், கூடையில் பாதி வாடித் திரும்புவதாகவும் என் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள். கடைசியில் டவுன் பஸ் ஏறிப் போனேன்.

“அந்த மனுவை எழுதினது நான்தாம்மா.”

கட்டிக்கொண்டிருந்த சரத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் சார்.”

“எப்படி?”

“ஆபீசுல வாசிச்சுக் காமிச்சாக. ஒரு எழவும் வெளங்கல. அப்பவே நீங்கதான்னு நெனச்சேன்.”

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண் சிரித்தாள். இந்த முறை நான் எதுவும் எழுதவில்லை.

“மன்னிச்சிரும்மா. திரும்பி வந்துருங்க.”

“ஒளிஞ்சு எழுதுனத இங்க வந்து ஒளிஞ்சே சொன்னா எப்பிடி சார்? அங்க தெருவுல சொல்லுங்க.”

அவரை மறுபடி உட்கார அனுமதிக்கக் கோரி இன்னொரு மனு எழுதினேன். என் பெயரையும் கதவு எண்ணையும் முதலில் போட்டு, கடை கடையாகப் போய், முந்திய மனுவும் என்னுடையதுதான் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்; ஆச்சரியப்படுகிற உதவியை மட்டும் ஒருவரும் செய்யவில்லை.

“ஏ அப்பா! இந்தவாட்டி பேரெல்லாம் போட்டிருக்கீக!” என்றார் டீக்கடைக்காரர்.

பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “ரெண்டு வருசமா ஒரே செவத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டும் இருக்கோம். இன்னைக்குத்தான சார் நம்ம கடைக்குள்ள வாரீக.” அவர் தினமும் மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறார் என்பதும், முழங்கால் வலியால் ஏணி ஏற முடியாமல் மேல்தட்டுத் துணிகள் அப்படியே கிடக்கின்றன என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்காரலாம் என்று வாய்மொழியாக அனுமதி கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை பூக்காரம்மா வந்தார். என் படியைத் தாண்டிப் போய், எதிர்ச்சாரியில் கூடையை இறக்கினார். எல்லாக் கடைக்கும் பூ கொடுத்தார். எனக்கும் ஒரு முழம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மிஷின் மேல் வைத்தேன்.

“இங்கயே உக்காரலாமேம்மா” என்றேன்.

“இருக்கட்டும் சார். அங்கிட்டுத்தான் நெழலு.”

எதிர்ச்சாரியில் பகல் பதினோரு மணி வரை நல்ல வெயில். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அதில்தான் உட்கார்ந்து கட்டுகிறார். நான் மறுபடி கேட்கவில்லை.