ராக்காயி தேர்ந்தெடுத்த வகுப்பு

தேயிலைத் தோட்டத்துத் துரையின் கார் வரும் சத்தம் கேட்டால் ராக்காயி பாதையோரத்துத் தண்ணீர் வாய்க்காலான கானுக்குள் இறங்கிவிடுவாள். முதுகில் கொழுந்துக் கூடை நிறைந்திருந்தாலும் சரி, கானில் மழைத் தண்ணீர் ஓடினாலும் சரி, கார் கடந்து போகும்வரை தலையைக் குனிந்து நிற்பாள். அவளுடைய தாயும் அப்படித்தான் நின்றவள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக இறங்கும்.

அவள் மகள் பூரணிக்குப் பதினான்கு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவள். கரித்துண்டு கிடைத்தால் வரிசை வீடுகளான லயத்துச் சுவர் தப்பாது. “இவளுக்குப் பின்னாலயே சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டுத் திரியிறேன் டீச்சர்” என்று ராக்காயி சலித்துக்கொள்வாள். ஆனால் அடுப்படிச் சுவரில் அவள் வரைந்திருந்த கோழியின் மேல் மட்டும் சுண்ணாம்பு பட்டதேயில்லை.

அந்த ஆகஸ்ட் விடுமுறையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படம் வரையப் பழகும் வகுப்பு இரண்டு இடங்களில் நடப்பதாக அறிந்தேன். ஒன்று நுவரெலியாவில், கன்னியாஸ்திரிகள் மடத்தில். அங்கே பூக்களும் பழங்களும் வரையச் சொல்லித் தருவார்கள். மற்றது கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே ஆட்களை நேரில் உட்காரவைத்து வரையலாம். கடைசி நாளில் தாய் தகப்பனைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டுவார்கள்.

“எனக்கு மனுச முகம் வரையணும் டீச்சர்” என்றாள் பூரணி.

இங்கிலீஷ் பேசுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு ராக்காயி இரண்டு இடத்தையும் பார்க்கப் புறப்பட்டாள். மடத்தில் ஒரு குறையும் நேரவில்லை. கண்டியில், வாசலில் பிள்ளைகள் கூடி நின்ற வேளையில், தலைமை ஆசிரியையின் கார் உள்ளே திரும்பியது. ராக்காயி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரத்துக் கானில் இறங்கிவிட்டாள். பூரணியின் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். தலைமை ஆசிரியை காரை நிறுத்தி, அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டார்.

திரும்பும் ரயிலில் ராக்காயி முந்தானையால் அந்தச் சேற்றைத் துடைக்கக் கை நீட்டினாள்.

“விடும்மா, ஆளுங்க பாக்குறாங்க” என்று பூரணி ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டப் பாதையில் நடக்கும்போது ராக்காயி வாய் திறந்தாள். “மடத்துலயே சேத்து விட்டுருங்க டீச்சர்.”

“அங்க முகம் வரைய மாட்டாங்களே அக்கா.”

“பூ வரஞ்சாப் போதும். அங்க தாய் தகப்பன் வர வேண்டியதில்லையாமே.”

நெடுநேரமாக இறுகியிருந்த பூரணியின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். ராக்காயியும் பார்த்துவிட்டாள்.

அப்போது பின்னால் துரையின் கார். ராக்காயி கானுக்குள் இறங்கினாள். பூரணியும் இறங்கக் காலெடுத்தாள்.

“நீ எறங்காத. மேலயே நில்லு. போற எடத்துல இப்பிடி நிக்கிறதுக்குப் பழகணும்ல?”

கார் ஹாரன் அடித்துப் பூரணியை ஒதுக்கிக்கொண்டு போனது. சேற்றுத் தண்ணீர் ராக்காயியின் முகத்தில் தெறித்தது. அவள் துடைக்காமல் நின்றாள்.

பூரணியால் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே கையை நீட்டி அவளை மேலே ஏற்றிவிட்டாள்.

“நான் கண்டிக்கே போறேம்மா. கடைசி நாளு நீயும் வா.”

ராக்காயி சேலையைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே மறுபடி பிழிந்தாள்.

“வர்றேன்” என்றாள். “ஆனா அங்க கார் வந்தா நான் எங்க போயி நிக்கிறது? அதச் சொல்லு.”