திரைக்குள் மருத்துவர், அறைக்குள் சுற்றம்

மனநல மருத்துவரும் நோயாளியும் காணொளியில் சந்திக்கும்போது, முகம் காட்டாமல் நடுவே அமர்ந்து இருவர் சொல்லையும் சுமப்பது என் தொழில். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒரு மருத்துவகத்தில் இவ்வூழியத்தை ஏற்றேன். எங்கள் மருத்துவர் சீனப் பெண்மணி. மலாய் மொழியில் எவரோடும் சரளமாக உரையாடும் நம்மவர்கூட, நெஞ்சிலிருப்பதைச் சொல்லும் இடம் வந்தால் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கைப்பேசியை நெற்றிக்கு நேரே பிடித்து "கேக்குதா, கேக்குதா" என்று வினவிக் களைத்த அன்பர்களே, கிள்ளானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய இச்செய்திகள் உங்களுக்குப் புதியன அல்ல. அவர் இசைவுடன் எழுதுகிறேன். சரவணன் என்பது நான் இட்ட பெயர்.

பெண் பார்க்கும் கோலம்

சரவணன் உறக்கமிழந்து, உணவு குறைந்து, வீட்டில் பேச்சையும் நிறுத்திவிட்டிருந்தார். அவர் மனைவி கவிதாதான் நேரம் வாங்கினார். மருத்துவர் வருவதற்குச் சற்று முன்பே தொடர்பு கொண்டு ஒலி, ஒளி, தனிமை மூன்றையும் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். திரை விரிந்தபோது நடுவே சரவணன், வலப்புறம் கவிதா, இடப்புறம் மாமியார், பின்னே கைகட்டி நின்ற மைத்துனர், கவிதாவின் அண்ணன். மேசையில் பலகாரத் தட்டு ஒன்று மட்டுமே குறை.

நோயாளி கதவுள்ள அமைதியான அறையில் தனித்திருக்க வேண்டும், மருத்துவர் விரும்பினால் பிறரைப் பின்னர் அழைப்பார் என்று விளக்கினேன். மைத்துனர் குனிந்து திரையருகே வந்தார். "அங்கிள், கிளினிக்குன்னா நாங்க வெளிய உக்காந்துருப்போம். இது எங்க வீடு லா, நாங்க எங்க போறது?"

முதற்கேள்வி

ஒருவாறு சரவணனோடு மைத்துனர் மட்டும் எஞ்சினார். பதிவுக்காகச் சரவணனின் ஐசி எண்ணை, அதாவது அடையாள அட்டை எண்ணை, வாங்கிக்கொண்டேன். எங்கள் மருத்துவர் நோயைக் கேட்பதற்கு முன் மூன்று செய்திகளைக் கேட்பார்: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அருகில் யார் இருக்கிறார், அவருடைய தொலைபேசி எண் என்ன. உரையாடலின் இடையே நோயாளிக்கு இடர் நேர்ந்தால், திரைக்கு அப்பாலிருப்பவர் கைநீட்டித் தடுக்க இயலாது; உதவியை அனுப்ப முகவரி வேண்டும். இதையும் சொன்னேன். உரையாடல் பதிவு செய்யப்படுவதில்லை, முதலாளிக்குச் செய்தி போகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

சரவணன் தலையாட்டி, முகவரியையும் மனைவியின் எண்ணையும் தந்தார். ஆயினும் அன்று நோயைப் பற்றிக் கேட்ட எதற்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. மறுவாரம் மீண்டும் பேசலாம் என்று மருத்துவர் முடித்தபோது மைத்துனர் சொன்னார்: "ஐசி நம்பர் கேட்டீங்க, எங்க உக்காந்துருக்கோம்னு கேட்டீங்க. லைசென்ச புடுங்கிட்டா சோறு போடுறது யாரு, டாக்டரா நீங்களா?"

தெய்வங்களின் எதிரே

இரண்டாம் முறை குடும்பத்தார் என் சொல்லை முழுமனத்தோடு மதித்திருந்தனர். கதவுள்ள அமைதியான அறை வேண்டும் என்றேனல்லவா? நல்ல காரியம் என்று கருதி, சரவணனுக்குத் திருநீறு பூசி, பூசையறையில் அமர்த்திக் கதவைச் சாத்திவிட்டனர். கைப்பேசி குத்துவிளக்கின்மேல் சாய்ந்திருந்தது. நாள்தோறும் பதிகம் ஓதாமல் நீர் அருந்தாத எனக்கும் அக்காட்சி நிறைவாகவே இருந்தது.

உறக்கம், உணவு, வேலை என்று கேட்டுவந்த மருத்துவர், அதே குரலில், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். அத்தனை திருவுருவங்களின் முன்னிலையில் அச்சொல்லை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பவனுக்குச் சொல்லை மென்மையாக்கும் உரிமை இல்லை, உள்ளபடியே கேட்டேன். சரவணனின் பார்வை திரையை விட்டு மேலே போயிற்று, படங்களில் நின்றது. "இல்ல" என்றார். மருத்துவரும் அந்தப் பார்வையைக் கண்டார்போலும். வேறிடத்தில் அமர்ந்து பேசலாமா என்று கேட்கச் சொன்னார். சரவணன் மெல்லச் சொன்னார்: "சாமி முன்னுக்கு உக்கார வச்சிட்டு இத கேட்டா, நான் என்னன்னு சொல்றது அங்கிள்?"

நிறுத்திய லோரியில்

அவர் கைப்பேசியோடு வெளியேறி, வீட்டெதிரே நின்ற தம் லோரியில் ஏறிக் கதவை அடைத்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரோடு மருத்துவர் பேசமாட்டார். ஆகவே இயந்திரம் நின்றிருப்பதை முதலில் உறுதி செய்தோம். அதே கேள்வியை மீண்டும் கேட்டேன். இம்முறை அவர் திரையையே நோக்கினார். இதோடு முடிந்துபோனால் நல்லது என்று சில மாதங்களாகவே தோன்றுகிறது, இன்று காலையும் தோன்றியது என்றார். அழவில்லை. நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மருத்துவரிடம் சேர்த்தேன்.

காணொளியில் தீராதவையும் உண்டு என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: இன்று வண்டி ஓட்டக்கூடாது, இப்போதே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், மனைவியிடம் சொல்ல அனுமதி வேண்டும். சரவணன் சம்மதித்தார். முதல் நாள் வாங்கிய எண்ணில் கவிதாவை அழைத்தோம். அவர் வரும்வரை தொடர்பைத் துண்டிக்கவில்லை. கவிதா ஏறி அருகே அமர்ந்து, நான் சொன்னதைக் கேட்டு, கணவரை நோக்கிக் கை நீட்டினார். "லோரி சாவிய குடுங்க. அண்ணன் அவங்க காடிய எடுக்குறாங்க, நானும் கூட வரேன். வழியில ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காந்து வாங்க."

சில வாரங்களில் நலம் பெற்றுத் திரும்பிய சரவணன் இன்றும் மருத்துவருடன் பேசிவருகிறார். வீட்டிலிருந்தபடியே மருத்துவம் என்றுதான் நாங்கள் விளம்பரம் செய்கிறோம், வாய் திறக்க வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அதில் போடுவதில்லை.