ஈயம், வயிற்றுவலி, கை

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு அண்ணனின் வயிற்றுவலிக்காகத்தான் போனேன். தொழிற்பேட்டையில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான். சில மாதங்களாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப் பொத்தான் போடக்கூடக் கை ஒத்துழைக்கவில்லை. அல்சர் என்று சொல்லி டாக்டர் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

சென்டர் நடத்திய பாய் பழவேற்காட்டுக்காரர்.

"இன்னாம்மா தேடணும்? இதுல கேள்வியாவே கேக்கலாம். தேடுற கட்டம் மட்டும் வெச்சு வெள்ளையா இன்னொரு பக்கம் கீது பாரு, இப்ப எல்லாரும் அதுலதான் போறாங்கோ" என்றார்.

பாய் வைத்திருந்த தமிழ் எழுத்துருவில் முதலில் தட்டினேன். வெறும் கட்டங்கள் வந்தன. சரி, ஆங்கிலமே ஆகட்டும் என்று, 'என் அண்ணனுக்கு ஏன் வயிறு வலிக்கிறது' என்று கேள்வியாகவே கேட்டேன். அதற்கு என் அண்ணனைத் தெரியுமா என்ன! அஜீரண மருந்து விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். எரிச்சலில் அந்த வெள்ளைப் பக்கத்துக்குப் போய் ஈயம், வயிற்றுவலி, கை என்று மூன்றே சொல்லைப் போட்டேன்.

ஈய விஷம் உடம்பில் ஏறினால் என்னென்ன வரும் என்று கொட்டியது. மலச்சிக்கல், மணிக்கட்டு தொங்கிப்போவது, ஈறில் நீலக்கோடு. அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதியதுபோல் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மருந்துக்கு முன்னால் ஒன்றையே சொன்னது: ஆளை முதலில் அந்த வேலையிலிருந்து வெளியே கொண்டுவா.

எளாவூரில் வீட்டுக்குத் திரும்பியதும் அண்ணனை வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறில் அந்தக் கோடு இருந்தது. படித்ததையெல்லாம் சொன்னேன்.

"சரி, நின்னுட்றேன். அப்பால எவன் வேலை குடுப்பான்? அதையும் அதுலயே தேடிக்கினு வா."

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் போனேன். கும்மிடிப்பூண்டி, வேலை என்று தட்டினேன். பாய் எட்டிப் பார்த்து, "வந்துச்சாம்மா?" என்றார்.

வந்திருந்தது. சென்னை வேலைகளுக்கு நடுவே எங்கள் பக்கத்தில் ஆள் கேட்டிருந்தது ஒரே ஒரு கம்பெனி. அண்ணனின் கம்பெனி. நல்ல உடல்வலு உள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று போட்டிருந்தார்கள்.