சோளத்தட்டு அறுத்த பிறகு

காட்டில் சோளத்தட்டு ஆள் உயரத்துக்கு நின்றவரை பெண்கள் ஒதுங்க மறைவு இருந்தது. அறுத்துப் போர் போட்டதும் வெட்டவெளிதான். மாடு நின்ற இடத்தில் போனது. நாங்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டோம். அதற்குப் பயந்தே நான் தண்ணீர் குடிக்கமாட்டேன். "எங்க மருமவ நாள் முச்சூடும் தண்ணியே கேக்கமாட்டாளுங்க" என்று மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசினார்.

கல்யாணமாகி வந்த நான்காம் கோடையில் விலாவுக்குக் கீழே குத்திப் பிடுங்கியது. சிறுநீர் ரத்தமாக இறங்கியது. சேந்தமங்கலத்து வைத்தியர் கல்லடைப்பு என்றார். என்னிடமல்ல, என் கணவரிடம்.

மறுநாள் காட்டில் அவர் சொன்னார்: "நீ நெறையத் தண்ணி குடிக்கோணுமாமா."

"குடிச்சுப்போட்டு எங்க போறதுங்க?"

அவர் நாலடி தள்ளி வரப்போரம் குந்தி, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றார்.