ஆ லியாங்கின் இரண்டு சிப்பிப் படங்கள்

எங்கள் தைப்பிங் புகைப்படச் சங்கத்தில் ஆ லியாங்கைப் போல அசந்துபோன ஆள் வேறு யாரும் இல்லை. கூட்டத்துக்கு வருவார், பின்வரிசையில் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி பார்த்து உட்காருவார், விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவார். திரையில் தன் படம் வரும்போது மட்டும் எப்படியோ கண் விழித்துக்கொள்வார். நடுவர் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி முடித்ததும் மறுபடியும் தலை சாய்ந்துவிடும்.

தூங்காமல் என்ன செய்வார்? கூட்ட நாள் தவிர தினமும் சாயங்காலம் தொடங்கி நடுச்சாமம் வரை பழைய சந்தைக்குப் பக்கத்தில் அவருக்குக் குவேதியாவ் கடை, பட்டையான அரிசி நூடுல்ஸை வதக்கிக் கொடுக்கிற கடை. கரி அடுப்பு, கறுத்துப்போன இரும்புச் சட்டி, வாத்து முட்டை, மொச்சைக் கொட்டை மாதிரி கொழுத்த மட்டிச் சிப்பி. எங்கள் ஊரில் மட்டி போடாத குவேதியாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவும் பாதி வெந்து இரத்தம் கசிகிற பதத்தில் இருக்க வேண்டும். கடையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் படுப்பார். விடியும் முன்னே எழுந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கோ, கோலா செபெத்தாங் கரிச்சூளைக்கோ போய்விடுவார். அந்தக் காலை நேரம்தான் அவருக்கென்று இருந்தது.

அதே காலை நேரத்தில் அவர் மனைவி சியூ பெங் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மட்டி உடைப்பாள். வேனில் வந்து இறங்கும் மூட்டையைச் சேறு போகக் கழுவி, சுடுதண்ணீர் ஊற்றி, வாய் பிளந்ததும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நெம்ப வேண்டும். மட்டியின் விளிம்பு பிளேடு மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. கணவன் எடுத்துவரும் ஏரிப் படங்களைப் பற்றி அவளுக்கு ஒரே கேள்விதான். அந்த ஏரி எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை, அதை எதற்கு இத்தனை தடவை எடுக்கிறாய் என்பாள். ஆ லியாங் லென்ஸைத் துடைத்துப் பையில் வைப்பார். எதற்கென்று எனக்கும் தெரியாது. நானும் அதே ஏரியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும் நான் ‘செகு’. சங்கத்தின் செயலாளரும் நான்தான். பெரிய பதவி என்று யாரும் மயங்க வேண்டாம். நாற்காலி அடுக்குவது, திரையில் படம் காட்டும் படக்கருவியைத் தட்டிக் கொட்டி ஓட வைப்பது, ஈப்போவிலிருந்து வரும் நடுவருக்குச் சாப்பாடு வாங்கித் தருவது, இவ்வளவுதான்.

எங்கள் போட்டிக்குச் சில வழக்கங்கள் உண்டு. பிஸ்கட் டின்னில் கிடக்கும் துண்டுச்சீட்டுகளில் ஒன்றை யாராவது எடுப்பார்கள். அதுதான் அடுத்த மாதத் தலைப்பு. ஆளுக்கு இரண்டு படம் தரலாம். திரையில் படத்துக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. நடுவர் திட்டினாலும் புகழ்ந்தாலும் எடுத்தவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பரிசு பெற்ற எண்ணை வாசித்த பிறகுதான் எழுந்து நின்று பெயரைச் சொல்லலாம். யாரும் எழவில்லை என்றால் பரிசு அடுத்த படத்துக்குப் போய்விடும். ஊரில் இல்லாத ஆளின் பெயரில் ஒருவர் படம் கொடுத்து ஏமாற்றிய பிறகு போட்ட விதி அது.

ஆ லியாங் சங்கத்தில் சேர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒரு முதல் பரிசுகூட வாங்கியதில்லை. ஆறுதல் பரிசு, பாராட்டு, மறுபடியும் ஆறுதல் பரிசு. எங்கள் பல் டாக்டர் ஃபோங், கடை வாடகையைவிட விலை அதிகமான லென்ஸ் வைத்திருப்பவர், முதல் பரிசுகளை வரிசையாக வாங்கிக்கொண்டிருந்தார். ஆ லியாங்குக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஒரே ஒரு தடவை எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் கிடந்தது. என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

சியூ பெங்கின் விரல்கள் அந்த வருஷம்தான் மடங்காமல் போயின. கணுக்கள் வீங்கி, வெட்டுக்காயங்கள் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டன. இனிமேல் தண்ணீரிலும் மட்டியிலும் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அடுத்த மாதத்திலிருந்து காலையில் மட்டி உடைப்பது ஆ லியாங்கின் வேலை என்று முடிவானது. அப்படியென்றால் இனி காலை நேரம் இல்லை. காலை நேரம் இல்லையென்றால் படமும் இல்லை. வரப்போகிற போட்டிதான் அவருக்குக் கடைசி.

கடைசிப் போட்டி என்பதால் தலைப்புச் சீட்டை அவரையே எடுக்கச் சொன்னோம். எடுத்துப் பிரித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சீட்டை வாங்கிப் படித்தேன். ‘சிப்பி’.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. உனக்கென்ன, மூட்டை மூட்டையாக வீட்டுக்கே வருகிறதே என்றார் டாக்டர் ஃபோங். சிப்பி, ஓடு, கூடு என்று எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம் என்பது எங்கள் வழக்கம். டாக்டர் முட்டை ஓட்டை விளக்கு வைத்து எடுக்கப்போவதாக அப்போதே சொல்லிவிட்டார். ரயில்வேயில் இருந்த ரசாலி, பெட்ரோல் நிலையப் பலகையில் இருக்கிற மஞ்சள் சிப்பியை எடுத்தால் போதாதா என்று கேட்டார். கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் கடைசியில் அதைத்தான் எடுத்துவந்தார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஆ லியாங் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“செகு, மட்டிய மட்டும் எடுக்க மாட்டேன். அத பாக்காம இருக்கத்தான் நான் இங்க வர்றதே. கேமராவுலகூட அந்த வாட வருது, பாருங்க.”

மோந்து பார்த்தேன். வந்தது.

அதனால் ஒரு நாள் என் காரில் பங்கோர் தீவுக்குப் போனோம். இருட்டில் கிளம்பி, லூமுட்டில் படகேறி, கரையோரமாக நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். உடைந்த துண்டுகளும் பிளாஸ்டிக் மூடிகளும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் படகுத்துறைக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற வெள்ளைச் சங்கு ஒன்றை வாங்கினார். எந்த நாட்டுக் கடலில் பிறந்ததோ, மெருகு பூசிப் பளபளவென்று இருந்தது. மணலில் பாதி புதைத்து, கிளிசரினைத் துளித்துளியாகத் தெளித்து, அலை வந்து நனைத்துவிட்டுப் போன மாதிரி செய்தார். நான் வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சம் காட்டினேன். குப்புறப் படுத்து எடுத்தார். படம் அழகாக வந்தது. பரிசு வாங்குவதற்கென்றே பிறந்த படம். நல்ல படம் கிடைத்த சந்தோஷம் மட்டும் அவர் முகத்தில் இல்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, போகலாம், கடை திறக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார் என்று நானும் கூடவே பின்கட்டுக்குப் போனேன். சியூ பெங் குட்டை முக்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலை எரிவாயு உருளைமேல் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பிளாஸ்திரி சுற்றிய விரல்கள் தண்ணீர்ப் பேசினுக்குள், ஒரு மட்டி பாதி பிளந்து அப்படியே பிடியில் நின்றிருந்தது. காலடியில் ஓடுகள் குவிந்திருந்தன. எழுப்பலாமா என்று நான் பார்ப்பதற்குள் ஆ லியாங் என்னைத் தோளில் தொட்டு நிறுத்தினார். பையைத் திறந்தார். ஒரே ஒரு தடவை எடுத்தார். அட்டையும் இல்லை, கிளிசரினும் இல்லை. பிறகு கேமராவை வைத்துவிட்டு அவள் விரலிலிருந்து மட்டியை மெதுவாக உருவி, பக்கத்தில் குந்தி, மிச்சத்தை உடைக்கத் தொடங்கினார். நான் தேநீர் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

போட்டிக்கு முன்னால் இரண்டு படத்தையும் என்னிடம் கொண்டுவந்தார். சங்குப் படம் ஜெயிக்குமா என்று கேட்டார். இந்தத் தடவை தவறாது என்றேன், நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. அப்படியானால் இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். தெரியவில்லை, கொடுக்க வேண்டும்போல இருக்கிறது என்றார்.

போட்டி நாளன்று கடையை மூடிவிட்டு சியூ பெங்கையும் அழைத்து வந்திருந்தார். அவள் எங்கள் கூட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சீனப் பெருநாளுக்குப் போடுகிற பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கைகளை மடியில் மறைத்தபடி, பின்வரிசையில் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் படக்கருவியோடு நின்றேன். ஆ லியாங் அன்று தூங்கவில்லை.

நடுவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் நடுவர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி இருக்கிறது. எந்தப் படத்தைக் காட்டினாலும் எதையாவது வெட்டச் சொல்வார்கள். ஒன்பதாம் எண்ணாக வெள்ளைச் சங்கு வந்தபோது மட்டும் அவருக்கு வெட்ட ஒன்றும் அகப்படவில்லை. இயற்கை தானாகக் கொடுத்த கணம் இது, அலை இப்போதுதான் திரும்பிப் போயிருக்கிறது என்று உருகினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

பதினாலாம் எண்ணாக சியூ பெங் திரையில் வந்தாள், சுவர் அகலத்துக்கு. கூடத்தில் பாதிப் பேர் அவள் கடையில் சாப்பிடுகிறவர்கள். இரண்டு மூன்று தலைகள் பின்வரிசைப் பக்கம் திரும்பின.

அவள் கணவன் பக்கம் சாய்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எப்ப எடுத்த?” என்றாள்.

“பங்கோர் போயிட்டு வந்தன்னிக்கு.”

“சொல்லியிருந்தா தலையாவது சீவியிருப்பேன்ல.”

நடுவர் எழுந்து திரைப்பக்கம் போனார். தலைப்பு சிப்பி, ஆனால் சிப்பி ஓரத்தில் கிடக்கிறது, நடுவில் இந்த அம்மாள் வந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்றார். வெளிச்சத்துக்கு முன்னால் கையை நீட்டினார். அவர் கையின் நிழல் சியூ பெங்கின் முகத்தையும் தோளையும் மூடியது. பேசினும் ஓடுகளும் மட்டும் மிஞ்சின. “பாருங்க, இந்தம்மாவ வெட்டிட்டா படம் தானா நிக்குது,” என்றார்.

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. வாயைத் திறந்தால் வழக்கம் கெட்டுப்போகும். ஆ லியாங்கின் முகமும் கல் மாதிரியே இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

சியூ பெங்தான் தலையாட்டினாள். அவளுக்கு வருத்தம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அவரு சொல்றது சரிதான். நான் எதுக்கு அதுல,” என்றாள்.

முடிவுச்சீட்டு என் கைக்கு வந்தது. முதல் பரிசு, எண் ஒன்பது. வாசித்தேன். யாரும் எழவில்லை. மறுபடியும் வாசித்தேன். ஆ லியாங் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சியூ பெங் முழங்கையால் இடித்தாள்.

“நம்ம அடுப்பங்கரை ஜன்னல்ல இருக்கற சங்குதானே அது. எந்திரி.”

அவர் அசையவில்லை. அவர் எதற்காக அத்தனை வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். குனிந்து, லியாங், உங்கள் படம்தான் என்று காதில் சொல்லக்கூட வாய் துடித்தது. நேரம் கடந்தது. விதிப்படி பரிசு அடுத்த படத்துக்குப் போனது. டாக்டர் ஃபோங் எழுந்து, முட்டை ஓட்டுக்காகத் தன் பெயரைச் சொன்னார். கைதட்டினோம்.

கைதட்டல் அடங்கிய பிறகு ஆ லியாங் எழுந்து நின்றார். அசந்துபோன ஆள் எழுகிற மாதிரி, முழங்காலில் கையூன்றி, மெதுவாக.

“பதினாலாம் நம்பர்,” என்றார். “கோர் பூன் லியாங்.”

நடுவர் குழம்பிப்போய்த் தாளைப் புரட்டினார். அதற்குப் பரிசு எதுவும் இல்லையே என்றார்.

“தெரியும்,” என்றார் ஆ லியாங்.

சியூ பெங் பிளாஸ்திரி சுற்றிய விரல்களால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காரு, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள். அவர் உட்காரவில்லை. நான் திரையில் பதினாலாம் படத்தைத் திரும்பப் போட்டேன். குறுக்கே யார் கையும் இல்லாமல் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.